அந்தப் பக்கம் எப்படி?

செப்டம்பர் 4

மாப்பிள்ளைக்கு,

வாழ்த்துகள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆத்திரத்தில் மறந்துபோகும்.

நேற்றுக் காலை ஏழரை மணிக்கு வழக்கம்போல மைதானத்துக்கு வந்தேன். எட்டு வருடமாக என்னைக் கண்டால் எழுந்து நிற்கிற காவலாளி, "சார், உங்க கார்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றான். "என்னப்பா, காலங்காத்தால விளையாடுறியா?" என்றேன். அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே, "ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க சார்" என்றான். வேலிக்கு உள்ளே விசில் கேட்டது. ஒரே ஊதலை இரண்டாக உடைத்து ஊதுகிறவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். என் துணைப் பயிற்சியாளன் ஏன் இவ்வளவு சீக்கிரமே பயிற்சியைத் தொடங்கிவிட்டான் என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன், பார். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கிளப் தலைவர் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். நாலு வரி. நாலு ஆட்டத்தில் மூன்று தோல்வி, ஒரு டிரா, ஆகவே இன்று முதல் நீங்கள் பயிற்சியாளர் இல்லை, உங்கள் மைத்துனர் பொறுப்பேற்கிறார். போன வருடம் இதே அணியைக் கால்பந்து லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தவனுக்கு நாலு வரி. துணி துவைக்கிற அம்மாதான் என் ஷூ, ஜெர்ஸி, குடை எல்லாவற்றையும் அழுக்குத்துணிப் பையில் கட்டி வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. கலங்குவதற்கு அவளாவது இருந்தாளே.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். உன் அக்கா மூன்றாவது தடவை பரிமாறியபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "சனிக்கிழமை ஆட்டத்துக்கு யாரை இறக்கப்போறீங்க அத்தான்?" என்று கேட்டாய். நானும் மடையன் மாதிரி பதினொரு பேரையும் சொன்னேன். அப்போதே உனக்குத் தெரியும், இல்லையா?

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. எழுது. ஏழு வயதிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவள் உன் அக்கா. அவளை உனக்கு எதிராகத் திருப்ப மாட்டேன், அந்த அளவுக்கு நான் கீழே இறங்கவில்லை. அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வா. நான் இல்லாத நேரமாகப் பார்த்து வா. ஆனால் இந்த சீசன் முடிவதற்குள் உன்னை அந்த நாற்காலியிலிருந்து இறக்காமல் விடமாட்டேன். எழுதி வைத்துக்கொள்.

அத்தான்

•

செப்டம்பர் 9

அத்தான் அவர்களுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை குற்ற உணர்ச்சியில். மற்ற இரண்டு தடவையும் கோபத்தில்.

ஆமாம், தெரியும். புதன்கிழமை தலைவர் கூப்பிட்டு, "உன் அத்தானை மாத்துறோம். நீ நிக்கிறியா, இல்ல வெளியில இருந்து ஆளைக் கூப்பிடவா? வாயைத் திறந்தா ரெண்டு பேருக்குமே வேலை கிடையாது" என்றார். ஆறு நாள் வாயைப் பூட்டிக்கொண்டு திரிந்தேன். ஆறே நாள்தான். அதற்கு முன்னால் உங்களுக்கு எதிராக நான் சுண்டுவிரலைக்கூட அசைத்ததில்லை. அக்கா மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

நாற்காலி வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்பீர்கள். போன சீசன் முடிந்ததும் நடந்த விருந்தை நினைத்துப் பாருங்கள். மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் நன்றி சொன்னீர்கள். துணி துவைக்கிற அம்மாவுக்குக்கூட. என் முறை வந்ததும், "நம்ம கூம்பு! பதினோரு வருஷமா பயிற்சிக்குப் பிளாஸ்டிக் கூம்பு அடுக்குறான், இவன் அடுக்கினா ஒரு இஞ்ச் பிசகாது. இவன் அதுக்குன்னே பொறந்தவன்" என்றீர்கள். அறுபது பேர் சிரித்தார்கள். என் மனைவியும் உட்கார்ந்திருந்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

கூம்பு மட்டும்தானா அடுக்கினேன்? மூன்று வருடமாக எதிர் ஓரம் உங்களுக்கு வெறும் பனிமூட்டம். கண்புரைதான் அத்தான், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று எத்தனை தடவை தலைபாடாக அடித்துக்கொண்டேன்! வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அக்காவிடம்கூட மறைத்தீர்கள். ஆட்டத்தின் நடுவே துண்டால் வாயைத் துடைப்பதுபோலக் குனிந்து, "அந்தப் பக்கம் எப்படி?" என்று கேட்பீர்கள். நான் பார்த்துச் சொல்வேன். நீங்கள் எழுந்து நின்று கத்துவீர்கள். மறுநாள் பேப்பரில் உங்களுக்குக் 'கழுகுக் கண்' என்று பட்டம். எனக்குக் கூம்பு.

அதையும் நான் தலைவரிடம் சொல்லவில்லை. இனியும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை என்பதற்காக எழுதுகிறேன். எனக்கும் இது நிரந்தரமான இடம் இல்லை. பத்தாவது ஆட்டம் வரை பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்குமாவது என்னை நிம்மதியாக வேலை செய்ய விடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

•

செப்டம்பர் 21

மாப்பிள்ளைக்கு,

நிம்மதியா? அதை வேறு எங்கேயாவது போய்த் தேடு.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பட்டியலில் கடைசியில் கிடக்கிற அணி. அவர்களும் போன வாரம்தான் தங்கள் கோச்சைக் கழற்றிவிட்டார்கள். இந்த வருடம் எல்லாக் கிளப்புக்கும் ஒரே வியாதிபோல. டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். கீழே காற்றடிக்கிற சத்தம், மேலே நான் சமைக்கிற வாடை, இரண்டில் எது மோசம் என்று சொல்ல முடியாது. உன் அக்கா வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். அது உனக்கு வசதி.

எங்கள் ஆட்ட அட்டவணையை எடுத்துப் பார். அக்டோபர் 26, உங்கள் மைதானம். உங்களுக்கு அது எத்தனையாவது ஆட்டம் என்று எண்ணு. நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலைக்கே சம்மதித்தேன்.

ஆணை எல்லாம் போட்டிருக்கிறாய். ஆறு நாள் என்கிறாய். நம்புகிறேன், என்னத்துக்குச் சண்டை. ஆறு நாள் மறைத்ததே எனக்குப் போதும். என் கண்ணைப் பற்றிச் சொல்லிக் காட்டுகிறாயே, பதினோரு வருடத்துக்கு முன்னால் வேலை இல்லாமல் அக்கா வீட்டு மாடியில் படுத்துக் கிடந்தவனுக்கு விசில் வாங்கிக் கொடுத்தது யார்? உனக்குச் சொந்தமாக ஒரு யோசனை வந்து நான் பார்த்ததில்லை. அணித்தலைவனின் முட்டி போய்விட்டது, உனக்கும் தெரியும். அவனை உட்கார வைக்க உனக்கு நெஞ்சுரம் கிடையாது. அதுவும் எனக்குத் தெரியும்.

நாளைப் பேப்பரைப் பார். நிருபர் வந்தார். நன்றாகப் பேசினேன்.

அத்தான்

•

அக்டோபர் 8

அத்தானுக்கு,

'அவர்கள்' போடவில்லை, கவனித்திருப்பீர்கள்.

என்னைக் 'கூம்பு' என்று நீங்கள் சொன்ன பேட்டி வந்த அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் பத்துப் பேர் தலையில் ரோட்டுக் கூம்பு கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு அடுத்ததில் ஐம்பது பேர். நேற்று வடக்குக் கேலரி முழுக்க ஆரஞ்சு நிறம். எங்கிருந்துதான் கிளப்பிக்கொண்டு வருகிறார்களோ, நகரத்தில் ரோட்டு வேலையே நின்றிருக்கும். நான் எழுந்தால் "கூம்பு எந்திருச்சிடுச்சு!" என்கிறார்கள். உட்கார்ந்தால் "கூம்பு கவுந்துடுச்சு!" என்கிறார்கள். இரண்டாவது பாதி முழுக்க அசையாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதற்கும் ஒரு பாட்டு வைத்திருந்தார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். சனிக்கிழமை என் மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல், "அப்பா, என்னை ஏன் குட்டிக் கூம்புன்னு கூப்பிடறாங்க?" என்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். உங்கள் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். மாமா சொன்னதுதான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. என் மனைவி சொல்லிவிட்டாள்.

ஐந்திலிருந்து எட்டு வரை நாலு ஆட்டம். ஒரு வெற்றி, இரண்டு டிரா, ஒரு தோல்வி. ஒன்பதாவதும் போனால் எனக்கு இருப்பது உங்களோடு ஆடுகிற ஆட்டம் மட்டும்தான். "அன்னிக்கு ஜெயிச்சா இரு, இல்லன்னா கிளம்பு" என்று தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சரி, நீங்கள் கேட்ட சண்டையை நான் தருகிறேன். உங்கள் பக்கத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? உங்களுக்காக எதிர் ஓரத்தைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? உங்கள் கண்ணைப் பற்றி வெளியே சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையை மீற மாட்டேன். ஆனால் தெரிந்ததைத் தெரியாததுபோல ஆடுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கூம்பு

•

அக்டோபர் 13

மாப்பிள்ளைக்கு,

குழந்தைக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். மாமா தப்புச் செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அவளிடம் கொடு, நீ படிக்காதே. அந்த மன்னிப்பு அவளுக்கு. உனக்கு ஒரு சொட்டும் கிடையாது.

என் பக்கத்தில் மருந்துப்பெட்டிக்காரர் உட்காருகிறார். நல்ல மனிதர். இதுவரை கிரிக்கெட் அணியில் இருந்தவர். "அந்தப் பக்கம் எப்படி?" என்றால், "பசங்க நல்லா ஓடறாங்க சார்" என்கிறார். எந்தப் பசங்க என்று கேட்டால் யோசிக்கிறார்.

அதனால் என்ன? உன்னைத் தோற்கடிக்க எனக்குக் கண் வேண்டாம். உன் அணியை நான் ஒவ்வொருவனாகப் பொறுக்கி எடுத்தேன். எவன் எந்தக் காலால் தடுமாறுவான், எவன் எத்தனையாவது நிமிடத்தில் மூச்சு வாங்குவான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உன் அணித்தலைவன் மேல் இரண்டு பேரை ஏவப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சொல்லியும் உன்னால் அவனை மாற்ற முடியாது என்பதுதான் எனக்கு இதில் இருக்கிற சந்தோஷம்.

அத்தான்

•

அக்டோபர் 29

அன்புள்ள அத்தானுக்கு,

நாலுக்கு ஒன்று.

இதை எழுதுகிற சுகத்தை நிதானமாக அனுபவிக்க வேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன்.

அணித்தலைவனை உட்கார வைத்தேன். பட்டியலைப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எனக்குத்தான் கண் தெரியுமே. அவனுக்காக நீங்கள் தயார்செய்த இரண்டு பேரும் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் திருவிழாவில் தொலைந்தவர்களைப்போல நின்றார்கள். பிறகு என் அணியிலேயே வேகமான பையனை எதிர் ஓரத்தில் விட்டேன். உங்கள் பெஞ்சிலிருந்து எது எதிர் ஓரமோ அது. இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியதும் அவனையும் மறு ஓரத்துக்கு மாற்றினேன். தொண்ணூறு நிமிடமும் அவன் உங்கள் பனிமூட்டத்துக்குள்தான் ஓடினான். மூன்று கோல் அவன் அடித்தது. ஒவ்வொரு கோலுக்கும் நீங்கள் மருந்துப்பெட்டிக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள். அவர் ஸ்கோர்போர்டைக் காட்டினார்.

கடைசியில் கேலரியில் இருந்தவர்கள் கூம்புகளைக் கழற்றி மேலே தூக்கிப் போட்டார்கள். "கூம்பு! கூம்பு!" என்றுதான் கத்தினார்கள், ஆனால் இந்த முறை வேறு மாதிரி இருந்தது. தலைவர் கீழே இறங்கி வந்து சீசன் முடியும் வரை நான்தான் என்று கை கொடுத்தார்.

உங்களையும் நேற்று மாற்றிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். ஐந்து ஆட்டம் தாக்குப்பிடித்தீர்கள். இந்த சீசனில் நம் கிளப்பில் கிடைத்ததைவிட ஒன்று கூடுதல்.

வீட்டுக்குத்தானே வருவீர்கள்? வந்ததும் அந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள். அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன், இனி மறைக்க என்ன இருக்கிறது? உங்களிடம் மூன்று வருடம் மோசம்போனதாக நினைத்து அழுதாள். கட்டு அவிழ்த்ததும் பார்ப்பதற்கு இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். ஆபீஸில் கேட்டு வாங்கினேன். மேலே கேலரி உச்சியிலிருந்து முழு மைதானமும் தெரிகிற மாதிரி எடுத்தது, இரண்டு பெஞ்சும் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் போனதை எல்லாம் நிதானமாக உட்கார்ந்து பாருங்கள்.

அக்காவோடு சேர்ந்து பாருங்கள். அவளும் தம்பி ஜெயித்ததைப் பார்க்கட்டும். நான் அவளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்து ரொம்ப நாள் ஆகிறது.

மாப்பிள்ளை

•

டிசம்பர் 5

மாப்பிள்ளைக்கு,

இரண்டு கண்ணும் ஆயிற்று. வலது போன மாதம் ஆறாம் தேதி, இடது இருபதாம் தேதி. மின்விசிறி இறக்கையில் இருக்கிற தூசி தெரிகிறது. உன் அக்காவுக்குக் காதோரம் இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல யோசனை சொன்னாய். அதற்கு நன்றி. இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் நீ அனுப்பியதைப் போட்டுப் பார்த்தோம். ஆபீஸில் உனக்குப் பத்தாவது ஆட்டத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கவில்லை. நீயும் போட்டுப் பார்க்காமலே உறையில் வைத்து ஒட்டியிருக்கிறாய். பத்து ஆட்டமும் அதில் வரிசையாக இருக்கிறது. கூம்பு அடுக்கும்போது ஒரு இஞ்ச் பிசகாதவன், என்னை மட்டம் தட்டுகிற அவசரத்தில் இதைப் பார்க்கவில்லை.

நான் பத்தாவதைத்தான் போடப்போனேன். உன் அக்காதான், "மொதல்ல இருந்து போடுங்க, தம்பி எப்படி முன்னுக்கு வந்தான்னு பாக்கலாம்" என்று சொன்னாள்.

முதல் ஆட்டம். இருபத்திரண்டாவது நிமிடம். எதிர் ஓரத்தில் நம் பதினோராம் நம்பர் தன்னந்தனியாக நிற்கிறான். சுற்றி இருபது அடிக்கு ஆள் இல்லை. இரண்டு கையையும் தூக்கிப் பந்து கேட்கிறான். நான் துண்டோடு குனிகிறேன். நீ அந்தப் பக்கம் பார்க்கிறாய். சும்மா இல்லை, கையை நெற்றிக்கு மேலே வைத்து வெயிலை மறைத்துப் பார்க்கிறாய். பிறகு என் காதில் சொல்கிறாய். நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: "ரெண்டு பேர் அடைச்சு நிக்கிறாங்க அத்தான். நடுவுலயே போகட்டும்." நான் எழுந்து நடுவே போகச் சொல்லிக் கத்துகிறேன். பந்து பறிபோகிறது. அதிலிருந்துதான் முதல் கோல் வாங்கினோம்.

அந்த ஒரு தடவை என்றால் கண் தவறியது என்று விட்டிருப்பேன். நாலு ஆட்டத்தில் ஒன்பது தடவை. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் அந்தப் பதினோராம் நம்பர் என்னிடம் வந்து, "நான் ஃப்ரீயாத்தான் நின்னேன் கோச், பந்தே வரல" என்றான். சாக்குச் சொல்லாதேடா என்று அவனைத் திட்டி நாலாவது ஆட்டத்தில் உட்கார வைத்தேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நேற்று அவனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

ஆக, ஆறு நாள் இல்லை. சீசனின் முதல் நாளிலிருந்தே நீ என்னை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறாய். விருந்தில் நான் பேசியது தப்பு. கண் தெரிகிறவனைக் கூம்பு என்றேன். பேப்பரில் பேசியது அதைவிடத் தப்பு. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். நீ அதற்கு என் முகத்தில் குத்தியிருக்கலாம், நான் வாங்கிக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாக நான் இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது உன் வாயை மட்டும்தான்.

தலைவரிடம் சொல்ல மாட்டேன். பேப்பருக்கும் சொல்ல மாட்டேன். உன் நாற்காலியில் நீ சௌகரியமாக உட்கார். எனக்கு இப்போது அது வேண்டாம்.

உன் அக்கா ஒவ்வொரு தடவையும், "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். நாலாவது தடவைக்குப் பிறகு அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன்னை மட்டுமே பார்த்தாள். "அவனுக்குத் தெரியுதே... நல்லாப் பாத்துட்டுத்தானே சொல்றான்" என்றாள். நீ ஆணை போட்ட கடிதத்தை அவள் படித்ததில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். படித்து மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். நீ ஜெயித்த ஆட்டத்தை அவள் பார்க்கவே இல்லை.

அவளை உனக்கு எதிராகத் திருப்ப மாட்டேன் என்று எழுதியிருந்தேன். நான் திருப்பவில்லை. தபால்தலை ஒட்டி அனுப்பி வைத்தது நீ.

நேற்று எனக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும்போது சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அவன் வந்தா நான் வீட்டுல இல்லன்னு சொல்லிடுங்க." எங்கே போயிருக்கிறாய் என்று சொல்வது என்று கேட்டேன். "எங்கேயும் வேணாம். இல்லன்னு சொன்னாப் போதும்" என்றாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வா. வழக்கமான நேரத்துக்கே வா. கதவை நான்தான் திறப்பேன். உன் முகத்தை மூன்று வருடமாக நான் சரியாகப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும். அக்கா எங்கே என்று கேள். இல்லை என்று சொல்வேன். அவள் உள்ளே சமையலறையில்தான் இருப்பாள், உன் குரல் அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

அத்தான்